கீழே வைக்காத புத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. "அக்கா நல்லா ரீல் விடுறாங்க" என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவள்தான். பேய்க் காமிக்ஸ் விற்றுச் சாப்பிட்டவளுக்குப் பேய் பயம் இருக்குமா? அட்டையில் எலும்புக்கூடு இருந்தால் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வேன். அவ்வளவுதான்.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பாழடைந்த பங்களாவில் நடக்கவில்லை. நன்றாக விடிந்த பிறகு, தலைக்கு மேலே வரிசையாகக் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்த ஒரு கண்காட்சி ஹாலில் நடந்தது. சுற்றிலும் ஆட்கள் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இருட்டில் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். வெளிச்சத்தில் பயந்தால் எதைப் போட்டுக்கொள்வது?

நானும் என் வீட்டுக்காரரும் பழைய காமிக்ஸ் வாங்கி விற்கிறவர்கள். கடை கிடையாது. எங்கே காமிக்ஸ் கண்காட்சி நடந்தாலும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மேஜை எடுப்போம். பேரம் பேசுவது என் வேலை. எனக்கு வாய் நீளம். அவருக்கு வாயே கிடையாது. ஆனால் கை இருந்தது. துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டுத் தாள் கிழியாமல் புதுப் பின் போடுவார். மடிந்த அட்டையை நிமிர்த்துவார். கறையை எடுத்தால் கறை இருந்த இடமே தெரியாது. மற்ற வியாபாரிகளும் அவரிடம்தான் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் கைதான் எங்கள் வீட்டுச் சோறு.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால், கீழே வைக்கும்வரை அது அவருடையது. அவர் நிதானமாகப் புரட்டட்டும், முகர்ந்து பார்க்கட்டும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும். பக்கத்தில் நிற்கிறவர் விலை கேட்கக் கூடாது. கை நீட்டக் கூடாது. வயிறு எரிந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வைத்த பிறகுதான் அடுத்தவருக்கு. பங்காளிச் சண்டை போட்டு வருஷக் கணக்காகப் பேசாதவர்கள்கூட இந்தச் சட்டத்தை மீறிப் பார்த்ததில்லை.

மீறுகிறவன் ஒருவன் இருந்தான். கழுகு.

அந்தப் பெயரை வைத்தது நான்தான். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஈரம் காய்வதற்குள் அங்கே வட்டமிடுவான். "அப்பா வச்சிருந்த பழைய புத்தகம் ஏதாவது கிடக்குதாம்மா? குப்பைக்குத்தானே போகும்?" என்று குழைந்து பேசி, குப்பை விலைக்கு அள்ளிக்கொண்டு வருவான். கண்காட்சிக் குழுவுக்கு அவன்தான் தலைவன். யாருக்கு எந்த மேஜை என்பதை அவன்தான் முடிவு செய்வான். என் வாய்க்குத் தண்டனையாக எங்களுக்கு வருஷா வருஷம் கழிவறைப் பக்கத்து மேஜைதான் வரும்.

அவன் ஒருநாள் சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னை அவன் கூப்பிடுவது 'தங்கச்சி'. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தங்கச்சி, மாஸ்டர் இருக்காரா? சின்ன வேலைதான்."

பையிலிருந்து எடுத்தான்.

'இரும்பு மீன்' மூன்றாம் இதழ். நீர்மூழ்கிக் கப்பல் சாகசம். அந்த ஒரு இதழுக்கு மட்டும் அச்சகத்தில் கடலுக்கு நீலத்துக்குப் பதில் மஞ்சளைப் போட்டுவிட்டார்கள். கடைக்குப் போன கொஞ்சத்தைத் தவிர மீதியை எல்லாம் கூழாக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'மஞ்சக்கடல்' என்று பெயர். அதுவரை நான் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அட்டையின் வலது ஓரத்தில் ஒரு கறை. கட்டைவிரல் தடம். வியர்வை ஊறிப் பழுப்பாகியிருந்தது. என் வீட்டுக்காரர் புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டையில் நான்கு விரல்கள் அழுந்திய பள்ளம்.

"யாரோ விடாம இறுக்கிப் பிடிச்சிருக்காங்க" என்றார்.

"பரண்ல கிடந்தது மாஸ்டர். எவனோ சின்னப் பையன் படிச்சிருப்பான்."

நான் என் கட்டைவிரலை அந்தத் தடத்துக்கு மேலே வைத்துப் பார்த்தேன். என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது.

"சின்னப் பையன் விரலா இது?"

"வளர்ந்த பையன்" என்று சிரித்தான். "கறையை எடுத்துக் குடுங்க. இந்த வருஷம் வாசலுக்கு நேர் மேஜை உங்களுக்கு."

வாசல் மேஜை. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் நம்மைத்தான் பார்ப்பார்கள். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தார். மென்மையான ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஈரத் துணியை ஆவியில் காட்டித் தொட்டும் தொடாமலும் தடவினார். பின்னட்டைப் பள்ளத்தை நிமிர்த்த, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் திருகாணியை இறுக்கினார். சாயந்திரம் பார்த்தோம். சுத்தம். நான்கூட அதிசயமாக அவரைப் பாராட்டினேன்.

அடுத்த நாள் பலகையைத் திறந்தால் கட்டைவிரல் தடம் இருந்தது.

"என்னங்க, ஒழுங்கா எடுக்கலையா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தொழிலில் அவரைக் குறை சொன்னால் தாங்கமாட்டார். மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நான் பக்கத்திலேயே இருந்தேன். கறை போனதை என் கண்ணால் பார்த்தேன். பலகைக்குள் வைத்து நானே திருகாணியை இறுக்கினேன்.

மத்தியானம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலை அறையில் ஒரு சத்தம்.

க்ரக்… க்ரக்…

காகிதம் நெரிகிற சத்தம். யாரோ ஒரு புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து இறுக்குகிற மாதிரி. அவரைத்தான் திட்டலாம் என்று போனேன். அறையில் யாரும் இல்லை. அவர் கடைக்குப் போயிருந்தார். சத்தம் பலகைக்குள்ளிருந்து வந்தது. நான் நின்றதும் நின்றுவிட்டது.

திறந்தேன். தடம் அதே இடத்தில் இருந்தது. தொட்டேன். ஈரம். சூடான ஈரம்.

அந்தப் புத்தகத்தைத் உறையில் போட்டுவிடலாம் என்று பலகையிலிருந்து எடுத்தேன். வரவில்லை. ஒட்டிக்கொண்டது என்று நினைத்து மெதுவாக இழுத்தேன். எதிர்ப்பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பிடிமானம். பிறகு, 'சரி போ' என்று விட்டுக்கொடுத்த மாதிரி சட்டென்று கைக்கு வந்தது.

நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் வைத்தியரிடம் கூட்டிப்போவார்.

ஆனால் வைத்தியரிடம் போனது அவர்தான். மூன்றாவது முறை கறை எடுத்த அன்றே அவர் வலது கை மரத்துவிட்டது. கட்டைவிரல் மடங்கவில்லை. மற்ற நான்கு விரல்களும் நீளவில்லை. கரண்டி பிடிக்க முடியவில்லை. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன்.

"நரம்புப் பிரச்சினை. ரெஸ்ட் குடுங்க, பார்க்கலாம்" என்றார் டாக்டர். பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் அவருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. கை போனால் அவருக்கு என்ன இருக்கிறது? நான் பக்கம் பக்கமாகப் பேசுவேன். அவர் பேசியதெல்லாம் அந்த விரல்களால்தான்.

ஒருநாள் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். வலது கை மார்பின்மேல் இருந்தது. அப்போதுதான் அந்தக் கையின் அமைப்பைச் சரியாகப் பார்த்தேன். நான்கு விரல்கள் அடியில். கட்டைவிரல் மேலே. நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி.

எனக்கு ஏதோ தோன்றியது. பக்கத்தில் கிடந்த ஒரு காமிக்ஸை எடுத்தேன். அந்த இடைவெளியில் மெல்லச் செருகினேன்.

கச்சிதமாகப் பொருந்தியது.

விரல்கள் இறுகின. பயந்துபோய் வெளியே இழுத்தேன். அவர் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பிடுங்காத…"

அது அவர் குரல் இல்லை.

அன்றைக்கே கழுகுக்குப் போன் போட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வெளியூரில் இருக்கிறானாம். "கண்காட்சிக்கு நேரா வந்துடறேன். அங்க குடு தங்கச்சி" என்று வைத்துவிட்டான். எரித்துவிடலாமா என்று யோசித்தேன். துணிவு வரவில்லை. எரித்தால் அந்தக் கை என்ன ஆகுமோ என்ற பயம். ஒரு துண்டில் சுற்றி, பீரோவுக்கு மேலே போட்டு, கண்காட்சி எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

கண்காட்சி நாளில் அவரை என் நாத்தனாரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். பத்து மணிக்குத்தான் பொதுமக்களுக்குக் கதவு திறப்பார்கள். எட்டு மணியிலிருந்து வியாபாரிகள் மட்டும் உள்ளே. எங்களுக்குள் நடக்கிற நல்ல வியாபாரமெல்லாம் அந்த நேரத்தில்தான். ஏசி எலும்புவரை குளிர்ந்தது.

சொன்னபடி வாசல் மேஜை கொடுத்திருந்தான். பக்கத்து மேஜை வாத்தியாருடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். போர்க் காமிக்ஸ் மட்டும் விற்பார். "உனக்கு வாசலா? கழுகுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?" என்றார். சிரித்து வைத்தேன். மஞ்சக்கடல் சுற்றிய துண்டு என் பையின் அடியில் இருந்தது. கழுகு வந்ததும் அவன் மூஞ்சியில் வீசிவிட்டு மறுவேலை பார்ப்பதாக இருந்தேன்.

குனிந்து பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்தேன். நிமிர்ந்தேன்.

மேஜைக்கு எதிரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் வியாபாரிகள் அட்டை இல்லை. அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சட்டையில் ஒரு பட்டன்கூட இல்லை. எல்லாம் பிய்ந்து நூல் தொங்கியது. ஒரு காலில்தான் செருப்பு.

அவர் கையில் மஞ்சக்கடல்.

நான் அதை வெளியே எடுக்கவே இல்லை.

சட்டென்று பையைத் திறந்து பார்த்தேன். துண்டு சுற்றியது சுற்றியபடி இருந்தது. உள்ளே புத்தகம் இல்லை.

"அண்ணே… அதை எங்க இருந்து எடுத்தீங்க?"

அவர் இடது கையால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவ்வளவு ஆசையாகப் புரட்டினார். வலது கையில் புத்தகத்தைப் பிடித்திருந்தார். நான்கு விரல்கள் அடியில் இருந்தன. கட்டைவிரல்…

கட்டைவிரல் அட்டைமேல் இல்லை. பின்பக்கமாக மடிந்து மணிக்கட்டை நோக்கித் தொங்கியது. நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

என் வாய் மட்டும் பழக்க தோஷத்தில் பேசியது.

"அது விக்கிறதுக்கு இல்லண்ணே. கீழ வச்சிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இன்னும் கீழ வைக்கல."

மூச்சே இல்லாத குரல்.

"யாருகிட்டம்மா பேசுறே?"

வாத்தியார். அவர் அந்த ஆளை நேராகப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "அந்தப் புத்தகத்தை ஏன் இப்படி ஓரத்துல நிக்க வச்சிருக்கே? விழுந்துடப் போகுது."

நான் வாயைத் திறப்பதற்குள் கழுகு வந்துவிட்டான். கையில் காபி. வாயெல்லாம் பல்.

"அட, எடுத்து அழகா வச்சிருக்கியே! கறை போயிடுச்சா?"

கையை நீட்டினான்.

"எடுக்காதீங்க" என்றேன். "ஒருத்தர் கையில வச்சிருக்காரு."

"எவன் கையில?"

"நம்ம சட்டம் தெரியும்ல? அவர் இன்னும் கீழ வைக்கல."

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. நான் அதைப் பார்த்தேன். காபி தளும்பிக் கையில் கொட்டியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. பிறகு தலையை உதறிக்கொண்டு சிரித்தான்.

"சட்டமெல்லாம் வாங்க வக்கில்லாதவனுக்கு, தங்கச்சி."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். எனக்கு என் வீட்டுக்காரர் குளியலறையில் அழுத சத்தம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

கழுகு புத்தகத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

"ஒட்டிக்கிச்சா?"

பலமாக இழுத்தான்.

எதிரே நின்றவர் கழுகின் முகத்தைப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

விட்டுவிட்டார்.

கழுகு புத்தகத்தோடு இரண்டடி பின்னால் தள்ளாடினான். அதே நேரம் என் போன் அடித்தது. நாத்தனார். மூச்சிரைக்கப் பேசினாள்.

"அண்ணி! அண்ணன் கை விரிஞ்சிடுச்சு! இப்பதான்… தானா! டம்ளரைப் பிடிக்கிறாரு அண்ணி!"

ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்தைந்து. திரும்பினேன். மேஜைக்கு எதிரே யாரும் இல்லை. கழுகு தன் மேஜையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், ஒட்டினாற்போல, நனைந்த சட்டை.

சரட்… டப். சரட்… டப்.

ஒரு கால் செருப்பு. ஒரு கால் வெறுங்கால்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. கூட்டம் வந்தது. நான் வியாபாரம் பார்த்தேன் என்றுதான் பெயர். கண்ணெல்லாம் கழுகு மேல். அவன் புத்தகத்தைக் கீழே வைக்கவே இல்லை. காபியை இடது கையால் குடித்தான். கணக்கை இடது கையால் போட்டான்.

மஞ்சக்கடலுக்காகவே வந்த ஒரு பெரிய சேகரிப்பாளர் அவன் முன்னால் நின்றார்.

"மேஜைல வைங்க. பிரிச்சுப் பார்க்கணும்."

"கையிலயே பாருங்க சார்."

"கையில எப்படிப் பார்க்கிறது? வைங்க."

கழுகு வைக்கப் போனான். கை மேஜை வரைக்கும் போனது. புத்தகம் மேஜையைத் தொட்டது. விரல்கள் பிரியவில்லை. இடது கையால் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சேகரிப்பாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்.

கழுகுக்கு வியர்த்தது. அந்தக் குளிரில்.

சட்டை நனைந்தது.

நான் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். அவனுடைய வலது கைக்கு மேல் தன்னுடைய கையை வைத்திருந்தார். பிள்ளைக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி, பொறுமையாக.

கழுகு எழுந்தான். நாற்காலி விழுந்தது.

"எடுங்கடா… யாராவது இதை எடுங்கடா…"

கூட்டம் விலகியது. வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். வாத்தியார், நான், எல்லோரும்.

"பிடிச்சிருக்கான்… பின்னால இருந்து பிடிச்சிருக்கான்… விடச் சொல்லுங்கடா…"

முழங்கால் மடிந்து உட்கார்ந்தான். புத்தகம் பிடித்த கையை எங்களை நோக்கி நீட்டினான்.

ஒருவரும் கை நீட்டவில்லை.

சட்டம் சட்டம்தானே. அடுத்தவர் கையில் இருப்பதை நாங்கள் எடுக்கமாட்டோம்.

நானும் எடுக்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மளுக்.

அவன் கட்டைவிரல் பின்னால் மடிந்தது. தானாக.

அலறினான்.

மளுக்.

அடுத்த விரல்.

மளுக்…

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மூட முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவன் தரையில் கிடந்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். மாரடைப்பாம். விழுந்ததில் விரல்கள் உடைந்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்களாம். எங்கள் வியாபாரிகளில் ஒருவர் கூடவே போயிருந்தார். அவரிடம்தான் கேட்டேன்.

"கையில புத்தகம் இருந்துச்சே, அது எங்க?"

"புத்தகமா? தூக்கும்போதே கையில ஒண்ணும் இல்லையேம்மா. விரல் ஒடிஞ்சும், ஏதோ பிடிச்சிருக்கற மாதிரி கை மட்டும் அப்படியே இருந்துச்சு. அதைப் பிரிக்கவே முடியல. அப்படியேதான் மார்ச்சுவரில வச்சிருக்காங்க."

ஹாலைச் சல்லடை போட்டுத் தேடினோம். மஞ்சக்கடல் கிடைக்கவில்லை. சாயந்திரம் பெட்டி கட்டும்போது என் மேஜைக்கு அடியில் வேறொன்று கிடைத்தது. ஒரு செருப்பு. இடது கால் செருப்பு. நனைந்திருந்தது.

வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். வலது கையால். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர், "என்னடி, வியாபாரம் ஆகலையா?" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானே இதைக் கெட்ட கனவு என்று தள்ளியிருப்பேன்.

கழுகு செத்ததைக் கேள்விப்பட்டுக் கண்ணாடி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால் அந்தப் பெயர். எங்களைப் போல மேஜை போட்டு விற்றவர். முந்தின வருஷம் திடீரென்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தொழிலை விட்டுப் போனவர். ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னார்.

முந்தின வருஷம் வேறொரு ஊரில் நடந்த கண்காட்சி. என் மாமியாருக்கு ஆபரேஷன் என்பதால் நாங்கள் போகவில்லை. கண்ணாடி அண்ணன் மேஜையில் மஞ்சக்கடல் இருந்திருக்கிறது. ஒருவர் வந்து எடுத்திருக்கிறார். 'இரும்பு மீன்' வரிசையில் அந்த ஒன்றுதான் பாக்கி, சின்ன வயசிலிருந்து தேடுகிறேன் என்று குரல் தழுதழுக்கச் சொல்லியிருக்கிறார். கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"நாங்க சட்டையைப் பிச்சு நெஞ்சை அழுத்துனோம். பட்டன் எல்லாம் சிதறிப்போச்சு. கூட்டத்துல ஒரு செருப்பும் எங்கயோ போயிடுச்சு. புத்தகத்தை மட்டும் அவர் விடல. கழுகு வந்தான். 'செத்தவன் கையில எதுக்குடா இது'ன்னு கேட்டான். பணத்தை என் சட்டைப் பையில திணிச்சான். புத்தகத்தை இழுத்தான், வரல. கட்டைவிரலைப் பின்னால வளைச்சு… ஒடிச்சு எடுத்தான்மா. எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்புறம் ஆஸ்பத்திரில சொன்னாங்க. அந்த விரல் நல்லா வீங்கி, நீலமா ஆயிருந்துச்சாம். பொணத்தோட விரலை ஒடிச்சா அப்படி வீங்காதாம்."

"அப்படின்னா…"

"செத்திருக்கல. அவன் ஒடிச்சப்போ அவருக்கு உயிர் இருந்துச்சு. எனக்கு அது அப்பவே தெரியும்மா. பக்கத்துல நான்தானே இருந்தேன். விரல் ஒடியறப்போ அவர் கண்ணைத் திறந்தாரு. கழுகைப் பார்த்தாரு. உதடு அசைஞ்சுது. கழுகுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு."

"என்ன சொன்னாரு?"

ஹாலில் அந்த ஆள் வாய் திறந்து என்னிடம் பேசினார் என்பதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாத்தியாரிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கண்ணாடி அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"'நான் இன்னும் கீழ வைக்கல'ன்னாரு."